பிரிவைப் பேசித் தீர்க்க முனைவோருக்கு: சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் பால்மர (ரப்பர்) தோட்டங்களிலும் கணவன் மனைவிக்குள் பிணக்கு முற்றினால், முதலில் கூடுவது குடும்பத்துப் பெரியவர்கள்தாம். தாய்மாமனும் பெரியப்பாவும் கோயில் தலைவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிள்ளைகள் தாயிடம் இருக்கட்டும் என்றும், மாதந்தோறும் இவ்வளவு பணம் கொடுப்பது என்றும் முடிவாகிறது, கணவரும் தலையாட்டுகிறார். இரண்டு மாதம் பணம் வருகிறது, மூன்றாம் மாதம் நின்றுவிடுகிறது. அப்போது அந்தப் பெண் யாரிடம் போவது? பேசி முடித்த பெரியவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டே தவிர, வசூலித்துத் தரும் அதிகாரம் கிடையாது. இத்தகைய குடும்பங்களுக்குத் துணையாக ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் பலமுறை போய் வந்த அனுபவத்தில், முதன்முறையாக இந்த நிலைக்கு ஆளாகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். வழக்காடாமல் பேசித் தீர்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் பேசியதெல்லாம் தாளில் ஏற வேண்டும், அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தின் முத்திரை கிடைக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இங்கே சொல்லப்படுபவை முஸ்லிம் அல்லாதவர்களுக்குரியவை. அவர்களின் திருமணத்தையும் விவாகரத்தையும் ஆள்வது 1976 ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம். அது 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. முஸ்லிம் தமிழர்கள் அந்தந்த மாநிலத்தின் ஷரியா நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கே வழக்கு விசாரணைக்கு முன் தரப்பினரை உட்கார வைத்துப் பேசும் ‘மஜ்லிஸ் சுலு’ என்னும் ஏற்பாடு உண்டு.

அடி விழும் வீடு என்றால் முதலில் பாதுகாப்பு

வீட்டில் அடி, உதை, கொலை மிரட்டல், பூட்டி வைத்தல் இருந்தால், சமரசப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டுப் பாதுகாப்பைத் தேடுங்கள். பயந்து நடுங்கும் ஒருவரும் அந்தப் பயத்துக்குக் காரணமான ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்யும் ஒப்பந்தம் நியாயமானதாக இருக்க முடியாது. 1994 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், சமூக நல இலாகா அதிகாரியே ஏழு நாள் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்கலாம். அதற்கு முன்கூட்டியே போலீஸ் புகார் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்குமேலும் பாதுகாப்பு தேவைப்பட்டால் போலீசில் புகார் செய்து, விசாரணை நடக்கும் காலத்திற்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பெறலாம். தாலியான் காசே எனப்படும் உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், எப்படிக் காயம் பட்டது என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று அன்று சொன்ன பொய், மருத்துவக் குறிப்பில் பதிவாகி, பின்னாளில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

தாள்களைத் திரட்டுதல்

திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவரின் அடையாளக் கார்டு நகல்கள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், இருவரின் சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமநிதி அறிக்கை, வீட்டுக் கடன் அல்லது வாடகைத் தாள்கள், வாகன அட்டை, நகைகள் அடகில் இருந்தால் அடகுச் சீட்டு ஆகியவற்றை ஓர் உறையில் சேர்த்து, நகல் எடுத்து, நம்பகமான ஓர் உறவினர் வீட்டில் ஒரு தொகுப்பை வைத்துவிடுங்கள். அடகுச் சீட்டை முதலில் பாருங்கள். உரிமம் பெற்ற அடகுக்கடையில் மீட்கும் காலம் ஆறு மாதம்தான். சண்டையில் அதை மறந்துவிட்டுத் தாய்வீட்டு நகையை இழந்த பெண்கள் நம் பக்கத்தில் குறைவில்லை.

திருமணப் பதிவுச் சான்றிதழே இல்லையென்றால் என்ன செய்வது என்ற கேள்வி தோட்டப்புறத்தில் இன்னமும் எழுகிறது. கோயிலில் தாலி கட்டி, பந்தல் போட்டு, ஊரே சாப்பிட்டுப் போன திருமணம் பதிவு இலாகாவில் ஏறாமலே இருந்திருக்கும். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு திருமணத்தையும் சட்டப்படி பதிய வேண்டும். பதிவில்லாத நிலையில் விவாகரத்து மனு போடுவது சிக்கலான விவகாரம் என்பதால், வேறெந்த அடியும் எடுத்து வைப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். ஆயினும் பிள்ளைகளின் பராமரிப்புத் தொகைக்கு அது தடையாகாது. 1950 ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம், பதிவுத் திருமணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடமிருந்து பராமரிப்புக் கேட்க இடமளிக்கிறது.

இரண்டு வழிகள்

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால்தான் பொதுவாக விவாகரத்துக்கு மனுச் செய்யலாம். அதன்பின் உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இருவரும் மனமொத்து, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து, கூட்டு மனு போடுவது முதல் வழி. இதற்குப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்கு முதலில் போக வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் மனுச் செய்வது இரண்டாவது வழி. இதில் திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதைக் காட்ட வேண்டும். மற்றவரின் தகாத உறவு, உடன் வாழ முடியாத நடத்தை, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போனது, மனுவுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தது ஆகியவற்றை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒருவர் மட்டும் மனுச் செய்யும்போது, தேசியப் பதிவு இலாகாவிலுள்ள திருமணத் தீர்ப்பாயம் போன்ற சமரசக் குழுவிடம் விவகாரத்தை முன்கூட்டியே கொண்டுபோக வேண்டும் என்பது திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டத்தின் 106 ஆவது பிரிவு.

என் அறிவுரை, முடிந்தவரை முதல் வழிக்கு முயலுங்கள் என்பதே. சாட்சிக் கூண்டில் ஏறிக் குடும்பத்தின் அந்தரங்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை, செலவும் காலமும் குறைகின்றன, பிள்ளைகள் இருபக்கமும் இழுபடுவதும் குறைகிறது. எதிர்த்தரப்பு மறுத்துவிட்டால்கூட, பேசிப் பார்த்ததற்கான கடிதமும் தேதியும் உங்கள் கையில் இருக்கட்டும்.

யாரை அணுகலாம்

கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் பிரதமர் துறையின்கீழ் இயங்கும் சட்ட உதவி இலாகாவுக்குப் போகலாம். அது குடும்ப விவகாரங்களில் ஆலோசனை சொல்லும், வருமானத் தகுதி உள்ளவர்களுக்கு வழக்கறிஞரைத் தரும், சமரசப் பேச்சையும் நடத்தும். சமரசப் பேச்சுக்கும் அங்கே இடமுண்டு என்பது பலருக்குத் தெரியாததால், முகப்பிடத்தில் நீங்களே அதைக் கேட்டுப் பெற வேண்டும். இது தவிர, மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் மாநிலங்களில் இயங்குகின்றன. உறவைச் சரிசெய்ய இன்னும் வாய்ப்பிருக்கிறது என்று நினைப்பவர்கள், தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் குடும்ப ஆலோசகரைச் சந்திக்கலாம்.

தனியார் சமரசாளரை இருவரும் சேர்ந்து நியமித்துக்கொள்வதும் உண்டு. அதற்கு 2012 ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் பொருந்தும். பேச்சின்போது சொன்னவை இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தோட்டத்தில் ஒரு வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் கேட்கும் என்பதால், இந்தக் காப்பு நம்மவர்களுக்கு மிகவும் வேண்டியது. உறவினர் கூடத்தில் வாய் திறக்கத் தயங்கிய ஒருவர், அறிமுகமில்லாத சமரசாளரின் முன் தம் கடன்களை ஒவ்வொன்றாகச் சொன்னதைக் கண்டிருக்கிறேன்.

தீர்ப்பாயத்தின் முன்

தனியாக மனுச் செய்யும் சுங்கை சிப்புட் வாசிகள் தங்கள் வட்டாரப் பதிவு இலாகாவில் சமரசக் குழுவுக்கான விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே, குழு எந்தக் கிளையில் கூடும் என்பதையும், எந்தெந்தத் தாள்களின் அசல் வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாள்கூலி வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் வீண்பயணம் என்பது ஒரு நாள் சம்பளம். அழைப்புக் கடிதம் வந்ததும் அதை மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) தோட்டக் கிராணியிடமோ (எழுத்தர்) காட்டி முறைப்படி விடுப்புக் கேளுங்கள். சொல்லாமல் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராமலிருந்து வேலையிலும் ஒரு தகராறைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

குழுவின் முன் வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது. குழுவின் அனுமதியில்லாமல் குடும்பத்தார் தவிர வேறெவரும் உங்கள் சார்பில் பேச முடியாது. ஆகவே உடன் அழைத்துப் போகும் உறவினரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். உரத்துப் பேசும் மாமாவைவிட, தேதிகளை நினைவில் வைத்திருக்கும் அக்கா அங்கே அதிகம் உதவுவார். மலாயில் விவரமாகப் பேச வராது என்றால், அதை முன்கூட்டியே அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள். அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு வராதீர்கள். மாமியாரைப் பற்றிய பழைய கதைகளை விட்டுவிட்டு, இப்போது யார் எங்கே வசிக்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், கடைசியாக எப்போது பணம் வந்தது, இனி என்ன ஏற்பாடு வேண்டும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், பதற்றத்தில் எதுவும் விடுபடாது.

குழு ஆறு மாதத்திற்குள் விவகாரத்தைத் தீர்க்க வேண்டும். சேர்த்து வைக்க முடியாவிட்டால் அதற்கான சான்றிதழைத் தரும். அதனுடன் பராமரிப்பு, சொத்துப் பிரிவினை, பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவை பற்றிய தன் பரிந்துரைகளையும் இணைக்கலாம். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. குழு விவாகரத்து வழங்கும் இடம் அன்று என்றாலும், அங்கே இருவரும் ஒத்துக்கொண்டவற்றை இணைத்துத் தரும்படி கேட்பது உங்கள் பிற்காலப் பேச்சுக்கு நல்ல அடித்தளமாகும்.

மற்றவர் வேண்டுமென்றே வரவில்லை, எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, ஆறு மாதத்திற்குள் திரும்புவார் என்ற நம்பிக்கையில்லாதபடி வெளிநாட்டில் வசிக்கிறார், மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறையில் இருக்கிறார் என்பன போன்ற நிலைகளில் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்குண்டு. குழுவுக்குப் போவது நடைமுறைக்கு ஒவ்வாது என்னும்படியான அசாதாரணச் சூழல் இருந்தாலும் நீதிமன்றத்திடம் விலக்குக் கேட்கலாம். அடி வாங்கிய பெண் தன்னைத் தேடி வருபவனின் முன் உட்காரத்தான் வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்

பிள்ளைகளில் தொடங்குங்கள். யாரிடம் வசிப்பார்கள் என்பதோடு நிறுத்தாமல், மற்றவர் எந்த நாள்களில், எத்தனை மணிக்கு, எங்கிருந்து அழைத்துச் செல்வார் என்பதையும் எழுத வேண்டும். தீபாவளி அன்று யார் வீட்டில், பள்ளி விடுமுறையில் யார் வீட்டில் என்பதை எழுதாமல் விட்டால், ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள்களிலேயே சண்டை மூளும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்றே சட்டம் முதலில் கருதுகிறது. வலுவான காரணம் காட்டி அதை மறுக்கலாம். சொந்தக் கருத்தைச் சொல்லும் வயதுப் பிள்ளை என்றால், அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் பார்க்கும். அதற்காகப் பிள்ளையை உட்கார வைத்து, உனக்கு அம்மா வேண்டுமா அப்பா வேண்டுமா என்று கேட்கும் வேலையை உறவினர் யாரும் செய்யக் கூடாது. அந்தக் கேள்வியைச் சுமந்த குழந்தை அதை எளிதில் இறக்கி வைப்பதில்லை.

அடுத்தது மாதப் பணம். தொகை, செலுத்தும் தேதி, எந்த வங்கிக் கணக்கு என்ற மூன்றும் இல்லாத ஒப்பந்தம் ஒப்பந்தமே அன்று. வேலைச் சட்டப்படி சம்பளம் அந்தச் சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கைக்கு வர வேண்டும் என்பதால், பத்தாம் தேதியைக் குறித்தால் சாக்குச் சொல்ல இடமிருக்காது. பால்வெட்டுக்காரருக்கு மழைக்காலத்தில் வேலை நாள்கள் குறையும், செம்பனைக் குலை அறுப்பவருக்கும் விளைச்சலைப் பொறுத்து வரும்படி ஏறி இறங்கும். ஆகவே எல்லா மாதத்துக்கும் பொருந்தும் ஓர் அடிப்படைத் தொகையையும், பள்ளி திறக்கும் காலத்துச் சீருடை, புத்தகச் செலவில் பாதியையும், மருத்துவச் செலவில் பங்கையும் தனித்தனியே எழுதுவது நல்லது. மிகையான தொகையில் கையெழுத்து வாங்கி அது வராமலே போவதைவிட, தாங்கக்கூடிய தொகை மாதந்தோறும் தவறாமல் வருவதே பிள்ளைக்குச் சோறு. பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே செலுத்துங்கள், கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் அதுவே சாட்சி. திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டத்துக்கு 2018 டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளையின் பராமரிப்பு ஆணை பதினெட்டு வயதோடு முடிந்துவிட வேண்டியதில்லை; மேற்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை நீளலாம். தொழிற்கல்விக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகவிருக்கும் பிள்ளை இருந்தால் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீட்டு விவகாரத்தில் தோட்டப்புறத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. லயன் வீடு நிர்வாகத்தின் சொத்து, அது வேலையோடு வந்தது. கணவன் மனைவி அதைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. கணவரின் பெயரில் கிடைத்த வீட்டிலிருந்து மனைவி வெளியேறும்போது, அவரும் அதே தோட்டத்தில் வேலை செய்பவரானால், தனி வீடு கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். வேலை செய்யாதவரானால் வாடகைக்கான தொகையையும் ஒப்பந்தத்தில் பேச வேண்டும். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாங்கிய வீடு வங்கிக் கடனில் இருந்தால், கடனை இனி யார் கட்டுவது என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. பெயர் மாற்றத்துக்கு வங்கி சம்மதிக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

திருமண வாழ்வில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது பணம் கொண்டுவந்தவரின் பங்கை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. வீட்டைக் கவனித்து, பிள்ளைகளை வளர்த்தவரின் உழைப்பும், இருவரின் நன்மைக்காக வாங்கிய கடன்களும், பிள்ளைகளின் தேவையும், திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதும் பார்க்கப்படும். சமப் பங்கை நோக்கியே நீதிமன்றம் சாயும். “நான் வேலைக்குப் போகவில்லை, எனக்கு என்ன உரிமை” என்று ஒதுங்கும் அக்காமார்கள் இதை நன்கு மனத்தில் வைக்க வேண்டும். சேமநிதிப் பணத்தையும் பேச்சில் சேருங்கள். சேமநிதியில் யாரை வாரிசாகப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்பதைக் கிளைக்குப் போய்ப் பார்த்து, மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதிர்காலப் பராமரிப்புக்கெல்லாம் ஈடாக ஒரே தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவோம் என்ற யோசனை வந்தால் நிதானியுங்கள். மனைவியின் எதிர்காலப் பராமரிப்பை அப்படித் தீர்க்கும் ஒப்பந்தம் நீதிமன்றம் ஏற்காதவரை செல்லாது. பிள்ளைக்கான ஏற்பாட்டையும், அதன் நலனுக்குத் தேவையென்று கண்டால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீதிமன்றம் மாற்றலாம்.

முத்திரை பெறுதல்

இருவரும் ஒத்துக்கொண்டதும், ஒரே வழக்கறிஞர் கூட்டு மனுவைத் தயாரித்தாலும், கையெழுத்துக்கு முன் தனித்தனியே ஒருமுறை வேறு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். சட்ட உதவி இலாகாவின் ஆலோசனையை இதற்கும் பயன்படுத்தலாம். மொத்தக் கட்டணம் எவ்வளவு, எதெல்லாம் அதில் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விவாகரத்து மனு உயர் நீதிமன்றத்துக்குரியது. பேராக்கில் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உயர் நீதிமன்றம் இருக்கிறது. நம் வட்டாரத்தாருக்கு ஈப்போ பக்கம். இருவரும் மனமுவந்துதான் சம்மதித்தார்களா, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு உண்டா என்பதை நீதிபதி பார்ப்பார். தனி மனுவாகப் போய்விட்ட வழக்கில்கூட, இடையில் நீதிமன்றமே கட்டணமின்றிச் சமரசப் பேச்சை நடத்த முடியும். அங்கே எட்டிய உடன்பாடு சம்மதத் தீர்ப்பாகப் பதிவாகும்.

அப்படிப் பதிவான பராமரிப்பு ஆணை மீறப்பட்டால், சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்து அனுப்பும்படி முதலாளிக்கு உத்தரவிடக் கேட்கலாம். கோயில் மண்டபத்தில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது. பணம் வராத முதல் மாதமே வழக்கறிஞருக்கோ சட்ட உதவி இலாகாவுக்கோ தெரிவியுங்கள். மனைவிக்குரிய பராமரிப்பு நிலுவையில் மூன்று ஆண்டுக்கு முற்பட்டதை வழக்கிட்டு வசூலிக்க முடியாது.

நீதிமன்றம் முதலில் தருவது தற்காலிக விவாகரத்து ஆணை. அது பொதுவாக மூன்று மாதம் கழித்தே முழுமையானதாக்கப்படும், அதுவரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவிதான். மறுமணப் பேச்சை உறவினர் தொடங்கினால் நிறுத்தி வையுங்கள். முழுமையான ஆணை கிடைத்ததும் சான்றுறுதி பெற்ற நகல்கள் சிலவற்றை வாங்கி, பதிவு இலாகாவில் உங்கள் திருமண நிலையை மாற்றிவிட்டு, பிள்ளையின் பள்ளிக்கும் ஒரு நகலைக் கொடுத்து, பள்ளி விட்டதும் பிள்ளையை யார் அழைத்துச் செல்லலாம் என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.